கலோரிப் பற்றாக்குறை

கலோரிப் பற்றாக்குறை என்பது, உடல் செலவிடும் ஆற்றலைவிட உணவின் வழியாகப் பெறும் ஆற்றல் குறைவாக இருக்கும் நிலையாகும். இந்நிலை நீடிக்கும்போது உடல் தன் சேமிப்பிலுள்ள கொழுப்பையும், ஓரளவு கிளைக்கோசனையும் தசைப் புரதத்தையும் பயன்படுத்திப் பற்றாக்குறையை ஈடுசெய்கிறது. அதனால் எடை குறைகிறது. உண்ட உணவையும் செய்த உடற்பயிற்சியையும் நாள்தோறும் குறித்துவைத்து எடை குறைக்க முயல்வோர் கணக்கிடுவது இதனையே. கோட்பாட்டளவில் இது எளிய கழித்தல் கணக்கு. ஆயினும் அதில் வரும் இரண்டு எண்களும் அளந்து பெற்றவை அல்ல, மதிப்பிட்டுப் பெற்றவை. அன்றியும், எடை குறையக் குறையச் செலவும் குறைகிறது. குறிப்பேட்டுக்கும் எடைபார்க்கும் கருவிக்கும் இடையே தோன்றும் முரண்பாடுகளுள் பெரும்பாலானவை இக்காரணங்களால் எழுபவை.

அலகு

உணவியலில் கலோரி என வழங்குவது உண்மையில் கிலோகலோரி ஆகும். இது ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியசு உயர்த்தத் தேவையான வெப்பம், 4.184 கிலோயூலுக்குச் சமம். இயற்பியல் பாடநூல்களில் வரும் கலோரி இதில் ஆயிரத்தில் ஒரு பங்கே. இக்கட்டுரையில் கலோரி என்பது கிலோகலோரியைக் குறிக்கும்.

செலவை மதிப்பிடல்

உடலின் ஆற்றல் செலவில் பெரும்பங்கு, ஓய்வாக இருக்கும்போதே இதயம், மூளை, கல்லீரல் முதலிய உறுப்புகள் இயங்குவதற்காகச் செலவாகிறது. உணவைச் செரிக்க ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு செலவாகும். எஞ்சியது நடமாட்டத்துக்கும் உழைப்புக்கும் உரியது. ஓய்வுநிலைச் செலவை மதிப்பிட 1990இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சமன்பாடு பரவலாகப் பயன்படுகிறது. எடையை (கி.கி) 10ஆலும் உயரத்தை (செ.மீ) 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். பின்னர் ஆண்களுக்கு 5 கூட்டவும், பெண்களுக்கு 161 கழிக்கவும் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 70 கி.கி எடையும் 165 செ.மீ உயரமும் உடைய 40 வயதுப் பெண்ணுக்கு இது ஏறத்தாழ 1,370 கலோரி. அதிக உழைப்பில்லாத வாழ்க்கை எனக் கொண்டு 1.4ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு 1,920 கலோரி கிடைக்கும். அவர் 1,420 கலோரி உண்டால் பற்றாக்குறை 500. அவரது எடை 60 கி.கி ஆனதும் இதே கணக்கில் செலவு 1,780ஆகக் குறையும். உணவு மாறாவிட்டாலும் பற்றாக்குறை 360ஆகச் சுருங்கிவிடுகிறது.

உடற்பயிற்சியைச் சேர்க்கும்போது வேறொரு பிழை நேர்வதுண்டு. 60 கி.கி எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கி.மீ வேகத்தில் ஒரு மணிநேரம் நடந்தால் ஏறத்தாழ 210 கலோரி செலவாகும். அதில் 60 கலோரி, அவர் அமர்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். அது நாள் கணக்கில் முன்பே சேர்ந்துவிட்டமையால் நடையினால் கூடியது 150 மட்டுமே. மணிக்கட்டில் அணியும் கருவிகளும் முழுத் தீர்வு அல்ல. 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். இதயத்துடிப்பை அவற்றுள் பெரும்பாலானவை நன்கு அளந்தன. ஆற்றல் செலவிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழை காட்டியது.

உணவை மதிப்பிடல்

மாவுப்பொருளுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்னும் எண்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. இவை சராசரிகளே. அமெரிக்க வேளாண்மைத் துறையினரின் 2012ஆம் ஆண்டு ஆய்வில், 28 கிராம் பாதாம்பருப்பிலிருந்து உடல் உண்மையில் பெறுவது ஏறத்தாழ 129 கலோரி எனத் தெரியவந்தது. அட்வாட்டர் எண்களின்படி அது 170க்கு அருகில் இருக்க வேண்டும். பருப்பின் செல்சுவருக்குள் அடைபட்ட கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமல் வெளியேறுவதே காரணம்.

வீட்டுச் சமையலில் நேரும் பிழைகள் இதைவிடப் பெரியவை. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. நீரை உறிஞ்சி வெந்த 100 கிராம் சோற்றில் 130 மட்டுமே. எடைபோட்டது சோற்றை, பட்டியலில் பார்த்தது அரிசியை என்றால் கணக்கு இரண்டரை மடங்குக்கு மேல் பிசகும். தாளிக்கும் எண்ணெயும் அடிக்கடி விடுபடுகிறது; ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உள்ளது. இந்திய உணவுகளுக்கு ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைகள் பயன்படும். அவை சமைக்காத பொருளுக்கே பெரிதும் உரியவை.

1992இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. நாளொன்றுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்று கூறிய பத்துப் பேரின் ஆற்றல் செலவு, ஐதரசன், ஆக்சிசன் ஆகியவற்றின் ஓரிடத்தான்கள் கலந்த நீரைப் பருகச்செய்து அளக்கப்பட்டது. அவர்களது வளர்சிதைமாற்றத்தில் குறை ஏதும் காணப்படவில்லை. ஆனால் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் குறித்திருந்தனர். இதனைப் பொய் எனக் கொள்வது பொருந்தாது. அளவைக் குறைத்து மதிப்பிடுதல் மனிதர்களிடம் பொதுவாகக் காணப்படுவதே.

3,500 கலோரி விதி

ஒரு பவுண்டு எடை குறைய 3,500 கலோரி (ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 7,700) பற்றாக்குறை வேண்டும் என்னும் விதியை 1958இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்னும் அமெரிக்க மருத்துவர் முன்வைத்தார். கொழுப்பிழையத்தின் ஆற்றல் அளவு என்ற வகையில் இவ்வெண் தவறன்று. பல ஆண்டுகளுக்கு நீட்டும்போதுதான் அது பொய்க்கிறது. மேற்கண்ட பெண் நாள்தோறும் 500 கலோரி குறைத்தால், இவ்விதிப்படி ஓராண்டில் 24 கி.கி குறைவார், மூன்றாம் ஆண்டின் முடிவில் அவரது எடை சுழியத்துக்கும் கீழே போய்விடும்!

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 2011இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நாள் உணவில் குறைக்கும் ஒவ்வொரு 10 கலோரியும் இறுதியில் ஏறத்தாழ 0.45 கி.கி எடையைக் குறைக்கும். அதில் பாதி முதலாண்டிலும், பெரும்பகுதி மூன்றாண்டுகளுக்குள்ளும் நிகழும். அதாவது 500 கலோரி குறைப்பவருக்கு முதலாண்டில் எதிர்பார்க்கத்தக்கது 11 கி.கி அளவே.

உடல் சிறுத்ததால் குறைவதைவிடக் கூடுதலாகவும் செலவு குறைகிறது. 1944–45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், 36 ஆண்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்து எடையில் ஏறத்தாழ கால்பங்கை இழந்தனர். அவர்களது அடிப்படை வளர்சிதைமாற்றம் ஏறத்தாழ 40 விழுக்காடு வீழ்ந்தது. சோர்வும் மனத்தளர்ச்சியும் உணவைப் பற்றிய இடைவிடாத நினைவும் அவர்களை ஆட்கொண்டன.

எடைபார்க்கும் கருவி

ஒரு கிராம் கிளைக்கோசன் ஏறத்தாழ 3 கிராம் நீருடன் சேமிக்கப்படுகிறது. முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி இந்நீரே. உப்பு, மாதவிடாய்ச் சுழற்சி, கடும் பயிற்சி ஆகியவையும் ஓரிரு கிலோகிராம் வரை எடையை ஏற்றி இறக்கக்கூடும். ஆகவே ஒருநாள் எடையைவிட வாரச் சராசரியே பொருளுடையது. முதல் சில வாரங்கள் கழிந்தபின், 28 நாட்களில் சராசரி எடை ஒரு கிலோகிராம் குறைந்திருந்தால் உண்மையான பற்றாக்குறை நாளொன்றுக்கு ஏறத்தாழ 275 கலோரி (7,700 ÷ 28) எனக் கொள்ளலாம். குறிப்பேட்டில் 500 என்று இருப்பின், அங்கு 225 கலோரி பிழை உள்ளது. அப்பிழை மாறாமல் ஒரே அளவில் இருக்கும்வரை குறிப்பேடு பயனுடையதே. அதற்கேற்ப இலக்கைத் திருத்திக்கொண்டால் போதும்.

எச்சரிக்கைகள்

நாளொன்றுக்கு 800 கலோரிக்கும் குறைவான உணவுமுறைகள் மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே மேற்கொள்ளத் தக்கவை. எடை மிக விரைவாகக் குறையும்போது பித்தப்பைக் கற்கள் தோன்றக்கூடும். இன்சுலின் முதலிய மருந்துகளைப் பெறும் நீரிழிவு நோயாளர் உணவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். முன்னரே மருத்துவரைக் கலந்து மருந்தளவை மாற்ற வேண்டும். கருவுற்றோரும் வளரும் பருவத்தினரும் தாமாக இம்முறையைப் பின்பற்றுதல் தகாது. உணவுண்ணல் குறைபாட்டு நோய்களுக்கு ஆளானவர்களிடத்தில் கலோரி எண்ணும் பழக்கமே நோயை முற்றச்செய்யலாம்.