நீதிபதியைக் குலுக்கல் தீர்மானிக்கும்

வெஸ்ட்செஸ்டரில் குடியிருக்கும் எனக்கு ஜூரி அழைப்பு வந்த பிறகுதான், நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். நம்மூர் மாவட்ட நீதிமன்றத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மாநிலத்துக்கு உரியதல்ல. அமெரிக்க ஒன்றிய அரசின் விசாரணை நீதிமன்றம். மன்ஹாட்டன், பிராங்க்ஸ் முதல் சல்லிவன் வரை 8 கவுண்டிகள் இதன் எல்லைக்குள் வருகின்றன.

இதன் மூல மன்றம் 1789 நவம்பரில் கூடியது. நாட்டின் உச்ச நீதிமன்றமே அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் கூடியது! 1814இல் நியூயார்க், வடக்கு, தெற்கு என இரண்டு மாவட்டங்களானது.

இங்கே 28 நீதிபதி இடங்கள். ஜனாதிபதி பெயரை முன்மொழிவார், செனட் ஒப்புதல் தரும். பிறகு ஆயுள் முழுக்கப் பதவி. ஆனால் தலைமை நீதிபதியை ஜனாதிபதி தேர்ந்தெடுப்பதில்லை. 65 வயதை எட்டாதவர்களில் பணியில் மூத்தவருக்கு அது தானாக வரும், அதிகபட்சம் 7 ஆண்டுகளுக்கு. கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி இந்த வரிசையில் 1982இல் தலைமை ஏற்றார். 1966இல் இங்கே நியமிக்கப்பட்டபோது, ஒன்றிய நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் அவர். 2023இல் வந்த அருண் சுப்பிரமணியன், இம்மன்றத்தின் முதல் தெற்காசிய நீதிபதி.

என்னை மிகவும் கவர்ந்தது வழக்கு ஒதுக்கீடு. புதிய வழக்கு பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான் ஒரு நீதிபதிக்குப் போகிறது. எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் தனக்குப் பிடித்த நீதிபதியைக் கேட்டு வாங்க முடியாது. நீதியின் மேல் நம்பிக்கை வர இதைவிட வலுவான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

நியூயார்க் வந்தால், பேர்ல் தெரு 500ஆம் எண் கட்டடத்துக்குப் போய் ஒரு விசாரணையைப் பாருங்கள். பொதுமக்களுக்கு அனுமதி உண்டு. கைப்பேசியை மட்டும் வாசலில் ஒப்படைக்க வேண்டும்.