அடங்காதவனுக்கு எத்தனை பெயர்!

ஆங்கில அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு, ‘சொன்ன சொல் கேளாதவன்’ என்று பொருள்படும் சொற்களை எண்ணத் தொடங்கினோம். விரல்கள் போதவில்லை! ஸ்டபர்ன், ஆப்ஸ்டினேட் என்பவை பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்தவை. அவற்றுக்குப் பின்னால், பரணில் போட்டு மறந்த தட்டுமுட்டுச் சாமான்களைப் போல ஒரு குவியலே கிடக்கிறது. ஃப்ரோவர்ட், ரெஸ்டிவ், ஸ்டர்டி, ரெகால்சிட்ரன்ட், ரிஃப்ராக்டரி, கான்டுமேஷியஸ் – பலுக்கவே பல் வலிக்கிறது. பணிந்து போகிறவனைப் பற்றி எஜமானனுக்குக் கவலை இல்லை. பணியாதவன்தானே அவன் உறக்கத்தைக் கெடுக்கிறான்! அதனால்தான் இத்தனை பெயர்கள்.

புலவருக்குரிய ஆராய்ச்சி இது, பாட்டாளிக்கு இதனால் என்ன பயன் என்று தோழர்கள் கேட்கக்கூடும். பயன் உண்டு. இச்சொற்களில் பாதி, ஏட்டில் மட்டும் இருந்தவையல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சாட்டை இருந்தது; சிலவற்றின் பின்னால் சிறைக் கதவே இருந்தது.

முதலில் கொட்டிலுக்குப் போவோம். ரெஸ்டிவ் என்றால் இன்று ‘பொறுமையிழந்து துடிக்கிறவன்’ என்று பொருள். பிறந்தபோது அதன் பொருள் நேர்மாறானது. ‘நில்’ என்னும் பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. எவ்வளவு அடித்தாலும் நகர மறுத்து நின்ற குதிரைக்கு இட்ட பெயர். நின்றபோதும் ரெஸ்டிவ், துள்ளியபோதும் ரெஸ்டிவ்! ஓட்டுகிறவன் விருப்பப்படி நடக்காவிட்டால், நிற்பதும் குற்றம், நகர்வதும் குற்றம். ரெகால்சிட்ரன்ட் என்பதோ குதிகாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லடியாகப் பிறந்தது: பின்னங்காலால் உதைக்கும் பிராணி. பைபிள் வழி வந்த ‘வணங்காக் கழுத்து’ நம் தமிழிலும் புகுந்திருக்கிறது. நுகத்தடிக்குத் தலை கொடுக்காத மாட்டின் கழுத்து அது. குதிரைக்கும் மாட்டுக்கும் சொன்னதையே மனிதனுக்கும் சொன்னார்கள். ஏறி உட்கார்ந்தவன் கண்ணுக்குக் கீழே இருப்பதெல்லாம் ஒன்றுதானே!

ஃப்ரோவர்ட் சற்று வேறு இனம். ‘முகம் திருப்பிக்கொண்டவன்’ என்பது அதன் அடிப்பொருள். 1611இல் வெளியான ஆங்கில பைபிளில் அது பலமுறை வருகிறது, பெரும்பாலும் கெட்டவர்களைக் குறித்து. ஆனால் ஓரிடத்தில் – ஒரே ஓரிடத்தில் – எஜமானனையே அச்சொல் சுடுகிறது. பேதுருவின் முதல் நிருபம், இரண்டாம் அதிகாரம். ஆகா, எஜமானனும் அகப்பட்டுக்கொண்டான் என்று மகிழப் போகிறீர்களா? அவசரப்படாதீர்கள்! அங்கே வேலைக்காரனுக்குச் சொல்லப்படும் புத்திமதி என்ன தெரியுமா? நல்ல எஜமானுக்கு மட்டுமல்ல, ஃப்ரோவர்ட் எஜமானுக்கும் கீழ்ப்படி என்பதுதான். எஜமானன் முரடனானாலும் குனிய வேண்டியவன் வேலைக்காரனே!

ஸ்டர்டி என்றால் இன்று மேசைக்கும் நாற்காலிக்கும் சொல்லும் பாராட்டு: உறுதியானது, உடையாதது. ஒரு காலத்தில் அதற்கு முரடன், அடங்காதவன் என்று பொருள். எட்டாம் ஹென்றி காலத்தில், உடலில் வலுவிருந்தும் வேலையின்றித் திரிந்த ஏழைக்கு ‘ஸ்டர்டி பிச்சைக்காரன்’ என்று பெயர். ஆட்டு மந்தைக்காக நிலத்தை வேலி போட்டு வளைத்து உழவனை வெளியே தள்ளியவர்கள் சீமான்கள். திரிந்த குற்றம் மட்டும் உழவனுடையது! 1531ஆம் ஆண்டுச் சட்டம் அவனை வண்டியின் பின்னால் கட்டி, இரத்தம் கசியும்வரை சாட்டையால் அடிக்கச் சொன்னது. 1547இல் அதைவிடக் கொடியது ஒன்று வந்தது: மார்பில் ‘வி’ என்ற எழுத்தைச் சூடு போட்டு, இரண்டாண்டு அடிமையாக ஒருவனிடம் ஒப்படைப்பது. அந்தக் கொடுமை அதிக நாள் நீடிக்கவில்லை, சில ஆண்டுகளிலேயே நீக்கிவிட்டார்கள்.

பெண்ணுக்கும் தனிப் பெயர் வைத்திருந்தார்கள்: ஸ்கோல்டு, அதாவது வாயாடி. ஆண் வாயாடினால் குற்றமில்லை, பெண் வாயாடினால் சட்டப்படி குற்றம். நாற்காலியில் கட்டி ஆற்றில் முக்கி எடுப்பார்கள். லெம்ஸ்டர் என்னும் ஊரில் 1817இல் ஒரு பெண்ணை அப்படி இழுத்துப் போனபோது ஆற்றில் தண்ணீர் போதவில்லையாம், முக்காமல் விட்டார்கள். வாயாடுவது குற்றம் என்ற அந்தச் சட்டத்தை இங்கிலாந்து ஏட்டிலிருந்து நீக்கிய ஆண்டு 1967!

இனி ரிஃப்ராக்டரிக்கு வருவோம். 1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டத்தின்கீழ் இங்கிலாந்தெங்கும் ஒர்க்ஹவுஸ்கள் எழுந்தன. வறியவன் சோறு கேட்டால், ‘உள்ளே வா’ என்பார்கள். உள்ளே போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். பழைய கப்பற்கயிற்றை விரல் நோகப் பிரித்து நாராக்குவது போன்ற வேலை. 1847ஆம் ஆண்டுப் பொது உத்தரவில் அங்குள்ள ஏழைகளின் குணத்துக்கே சட்டம் எழுதினார்கள். பேசாதே என்ற நேரத்தில் சத்தமிட்டவன், வேலை செய்ய மறுத்தவன், சீட்டாடியவன், உடம்பு சரியில்லை என்று பாசாங்கு செய்தவன் – இவர்கள் ‘டிஸார்டர்லி’, ஒழுங்கற்றவர்கள். தண்டனை, 48 மணி நேரம்வரை பகலுணவுக்குப் பதில் 8 அவுன்ஸ் ரொட்டி அல்லது ஒரு பவுண்டு உருளைக்கிழங்கு. வெண்ணெய் இல்லை, பாலாடைக்கட்டி இல்லை, தேநீர் இல்லை, சர்க்கரை இல்லை. ஏழு நாளுக்குள் அதே தவறை மறுபடி செய்தாலோ, விடுதித் தலைவனை ஒரு சொல் ஏசினாலோ பதவி உயர்வு! அவன் ‘ரிஃப்ராக்டரி’ ஆகிவிடுகிறான். 24 மணி நேரம்வரை தனியறையில் பூட்டலாம்.

எண்ணிப் பாருங்கள். ஒரு மனிதனின் குணத்தை எடை போட்டு, இவ்வளவு முரட்டுத்தனத்துக்கு இவ்வளவு அவுன்ஸ் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள்! பசித்தவன் ஏன் சத்தமிட்டான் என்று கேட்க அந்த உத்தரவில் ஒரு வரி இல்லை. அது அவன் சுபாவமாம். வயிற்றின் குறையைக் குணத்தின் குறையாக்கிவிட்டால் ஆள்வோருக்கு வேலை மிச்சம்.

கான்டுமேஷியஸ் என்பது நீதிமன்றச் சொல். ‘வா’ என்று அழைத்தும் வந்து நிற்காதவன் என்று பொருள். இச்சொல்லுக்குப் பலியானவர்களில் நாம் மறக்கக் கூடாதவர் ஜான் தாரோகுட், செம்ஸ்போர்டு நகரத்துச் செருப்புத் தொழிலாளி. அரசாங்கத் திருச்சபையின் கட்டடங்களைப் பராமரிக்க அந்நாளில் ஊரார் எல்லோரிடமும் வரி வாங்கினார்கள், அச்சபையில் சேராதவனிடமும்கூட! தாரோகுட் அதில் சேராதவர். அவர்மீது விழுந்த வரி 5 ஷில்லிங் 6 பென்ஸ். தர மாட்டேன் என்றார். பிஷப்பின் நீதிமன்றம் அழைத்தது, போகவில்லை. 1839 ஜனவரியில் சிறைக்கு அனுப்பினார்கள். வரி கொடாததற்காக அல்ல, தோழர்களே, அழைத்ததும் வந்து கைகட்டி நிற்காததற்காக! ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே கிடந்தார். பார்லிமெண்டில் விவாதம் நடந்தது. அந்த வரியைக் கட்டாயமாக வாங்குவது 1868இல் ஒழிந்தது. செருப்புத் தைத்த அந்தக் கைகளை எந்த அகராதிக்காரனும் பாராட்டியதாகத் தெரியவில்லை. நாம் பாராட்டுகிறோம்.

தொழிற்சாலையில் நிலைமை என்ன? அங்கே 1823ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டது. அதன் பெயரே ‘எஜமான் – வேலைக்காரன் சட்டம்’. ஒப்புக்கொண்ட காலம் முடியுமுன் தொழிலாளி வேலையை விட்டால், மூன்று மாதம்வரை கடுங்காவல். எஜமானன் ஒப்பந்தத்தை முறித்தாலோ, பாக்கிக் கூலிக்கு வழக்குத் தொடரலாம், அவ்வளவுதான். அவனுக்குச் சிறை கிடையாது. 1858 முதல் 1875 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்குச் சராசரி 10,000 வழக்குகள் தொழிலாளர்மீது! தொழிற்சங்கங்கள் ஓயாமல் போராடின. 1875இல் சட்டம் வீழ்ந்தது. புதிய சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: ‘வேலை கொடுப்போர் – தொழிலாளர் சட்டம்’. எஜமான் போய்விட்டான், வேலைக்காரனும் போய்விட்டான். ஒப்பந்தத்தை முறிப்பது இருவருக்கும் பொதுவான சிவில் வழக்காயிற்று.

அந்தப் பழைய சட்டத்தின் குட்டி ஒன்று நம் நாட்டிலும் இருந்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம். கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கென்று பிறந்து, பிறகு காப்பி, தேயிலைத் தோட்டங்கள்வரை பரவியது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்டிரேட் வேலைக்குப் போகச் சொல்வார், அல்லது பணத்தைத் திருப்பித் தரச் சொல்வார். மீறினால் இங்கேயும் மூன்று மாதம்வரை கடுங்காவல். தாய் இங்கிலாந்தில் 1875இல் செத்தது. குட்டியை ஒழிக்கும் சட்டம் இங்கே வந்தது 1925இல். இடையிலே சரியாக ஐம்பதாண்டு. அந்த ஐம்பதாண்டும், முன்பணம் பெற்று மலையேறிய கூலியாள் பாதியில் இறங்கி வந்தால் அவன்மீது வாரண்டு பாய்ந்தது. அவனுக்கு ரெஸ்டிவ் என்றோ ரிஃப்ராக்டரி என்றோ பெயரிடக்கூட வெள்ளைக்காரனுக்கு மனம் வரவில்லை. சட்டத்தின் முகவுரையில் அவன் செய்கைக்கு இட்டிருந்த பெயர், மோசடி.