எழுத்தும் வாசிப்பும்: மரபணு விதியா?

'அது ரத்தத்துலயே ஊறினது' என்று சாதிக்குணம் பேசுகிறவர்கள் எங்கள் ஆலங்குளம் பக்கத்தில் இப்போது 'ஜீன்லயே இருக்கு' என்கிறார்கள். தலையெழுத்து இருந்த இடத்தில் மரபணு வந்து உட்கார்ந்துகொண்டது. உயிரியல் அப்படித்தான் சொல்கிறதா என்பதே என் கேள்வி.

நம் தோல் செல்லிலும் ஈரல் செல்லிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே டிஎன்ஏ பிரதிதான். தோல் தோலாக இருப்பதற்குக் காரணம், எந்த மரபணு, எப்போது, எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதே. வாசிப்பு என்றால், மரபணு ஆர்என்ஏவாகப் பெயர்த்தெழுதப்பட்டு அதிலிருந்து புரதம் உண்டாவது. இதைத் தூண்டவும் தடுக்கவும் வேறு புரதங்கள் டிஎன்ஏமீது வந்து ஒட்டுகின்றன. 1961இல் பிரான்சின் ஜாகோபும் மோனோவும் குடல் பாக்டீரியாவை வைத்து இதை விளக்கினார்கள். பால்சர்க்கரை இல்லாதபோது அதைச் செரிக்கும் மரபணுக்களை ஒரு தடுப்பான் அடக்கி வைத்திருக்கும். சர்க்கரை வந்தால் தடை விலகும். ஆக, வெளியே கிடைப்பதும் உள்ளே நடக்கும் வாசிப்பைத் தீர்மானிக்கிறது.

இதற்காக, எழுத்தே பொருட்டில்லை, எல்லாம் சூழல்தான் என்று நாமும் மறுகோடிக்குத் தாவ வேண்டியதில்லை. 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் லேமனும் கட்புஷும் அரிவாள்செல் ரத்தத்தைக் கண்டறிந்தார்கள். ஹீமோகுளோபினின் பீட்டா மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறியிருக்கிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்தால் நோய். ஆனால் கருவிலிருக்கும் சிசுவிடம் பெரும்பாலும் வாசிக்கப்படுவது காமா என்ற வேறு மரபணு. பிறந்த சில மாதங்களில் காமா அடக்கப்படுகிறது, பீட்டா மேலெழுகிறது. நோயும் அப்போதுதான் தலைகாட்டுகிறது.

காமாவை அடக்குவதில் பிசிஎல்11ஏ என்ற புரதத்துக்குப் பெரும் பங்குண்டு என்பது 2008இல் தெரியவந்தது. 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை, மாறிப்போன எழுத்தைத் தொடவே இல்லை. ரத்த மூலச்செல்களில் பிசிஎல்11ஏவின் உற்பத்தியைக் கூட்டும் பகுதியை வெட்டிச் சிதைக்கிறது. அடங்கிக் கிடந்த காமா மறுபடியும் வாசிக்கப்படுகிறது. பிழை அப்படியே இருக்க, நோய் பின்வாங்குகிறது.

2023இல் அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலராக இருந்தது. காமாவை ஓரளவு கூட்டுகிற ஹைட்ராக்ஸியூரியா பழைய மருந்து, விலையும் குறைவு. ஆனால் அதற்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும், தொடர்ந்து பார்க்க டாக்டர் வேண்டும். கூடலூர் காட்டோரத்துப் பணியர் குழந்தைக்கு இது மாதாமாதம் தவறாமல் கிடைக்குமா என்பதை எந்த மரபணுவும் எழுதி வைக்கவில்லை. அதை எழுதுவது பட்ஜெட். 'ஜீன்லயே இருக்கு' என்று கைகழுவுகிறவர்களிடம் நாம் பேச வேண்டியது இங்கிருந்துதான்.