யாருமே ஒண்ணும் சொல்லலைன்னா எதுக்கு எழுதணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுல வந்த "அப்புறம்", "ஆக்சுவலி" எல்லாத்தையும் முடிஞ்சவரைக்கும் வெட்டியாச்சு.)

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். அனுப்பினவங்க கந்தர்வகோட்டை பக்கம். பேர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு வருஷமா சிறுகதை எழுதுறாங்க, இதுவரைக்கும் பதினாலு கதை. வீட்ல காட்டினா "நல்லாருக்கு"ன்னு ஒரு வார்த்தை. ஃப்ரெண்ட்ஸுக்கு வாட்ஸப்ல அனுப்பினா நீல டிக் விழுது, அதோட சரி. பத்திரிகைக்கு அனுப்பினா அந்த டிக்கும் கிடையாது. "திட்டினாக்கூட பரவால்லண்ணா, எதாவது சொன்னா போதும். வர்ற பொங்கலோட நிறுத்திடலாம்னு இருக்கேன்"னு முடிச்சிருந்தாங்க.

இதுக்கு "மனசைத் தளர விடாதீங்க"ன்னு பதில் சொல்றது ரொம்ப ஈசி. அதைக் கேட்டு யாரும் பதினஞ்சாவது கதை எழுதப்போறதில்ல. அதனால கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல்ல இந்த மௌனம். பதில் வரலைன்னா நாம உடனே அதுக்கு ஒரு அர்த்தம் குடுத்துடுறோம்: "பிடிக்கல". நம்ம ஐடி ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, சர்வர்ல இருந்து 404 வந்த மாதிரி எடுத்துக்கிறோம். ஆனா 204னு ஒரு கோடும் இருக்கு. வேலை ஒழுங்கா முடிஞ்சது, திருப்பி அனுப்ப ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான். கதையைப் படிச்சிட்டு பஸ்ல இருந்து இறங்கினவர், படிச்சுப் பிடிச்சும் என்ன சொல்றதுன்னு தெரியாதவர், நாளைக்குப் படிக்கலாம்னு வச்சவர், எல்லார்கிட்ட இருந்தும் வர்றது அதே அமைதிதான். அதுல இருந்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. "பிடிக்கல"ங்கற முடிவுக்கும்தான்.

ரெண்டாவது, ஃபீட்பேக்னு ஒரே வார்த்தைல ரெண்டு விஷயத்தைச் சேர்த்துக் கேக்குறோம். ஒண்ணு பாராட்டு. இன்னொண்ணு தகவல். வீட்ல சொன்ன "நல்லாருக்கு" பாராட்டு, அதுல தகவல் இல்ல. "மூணாவது பக்கத்துல அந்த மாமா ஏன் திடீர்னு கோவப்படுறார்னு புரியல"ங்கறது தகவல், பாராட்டு இல்ல. வாய்ஸ் நோட் அனுப்பினவங்க "திட்டினாக்கூட பரவால்ல"ன்னு சொன்னாங்க இல்லையா, அவங்க தேடுறது தகவல். அது நல்ல அறிகுறின்னு நினைக்கிறேன்.

பாராட்டையே கூலியா வச்சுக்கிட்டா என்ன ஆகும்னு 1973ல ஒரு சோதனை வெளிவந்துச்சு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட்னு மூணு உளவியலாளர்கள். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளி. படம் வரையறதுல ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகளை மூணு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுகிட்ட "வரைஞ்சா சான்றிதழ் தருவோம்"னு முன்னாடியே சொன்னாங்க. இன்னொரு குழுவுக்கு ஒண்ணும் சொல்லாம, வரைஞ்ச பிறகு அதே சான்றிதழைக் குடுத்தாங்க. மூணாவது குழுவுக்கு எதுவும் கிடையாது. கொஞ்ச நாள் கழிச்சு, விளையாட்டு நேரத்துல ஸ்கெட்ச் பேனாவைச் சும்மா மேஜைல வச்சுட்டு கவனிச்சாங்க. சான்றிதழுக்காக வரைஞ்ச குழந்தைங்க, மத்தவங்க வரைஞ்ச நேரத்துல கிட்டத்தட்ட பாதிதான் வரைஞ்சாங்க. எதிர்பாராம சான்றிதழ் வாங்கின குழந்தைங்களுக்கு ஆசை குறையல. கவனிங்க, பரிசு கெடுக்கல. பரிசுக்காகன்னு ஆரம்பிச்சதுதான் கெடுத்துச்சு.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1971ல, எட்வர்ட் டெசி கல்லூரிப் பசங்களைப் புதிர் போட வச்சுப் பார்த்தார். காசு குடுத்தப்ப ஆர்வம் இறங்குச்சு. வாய்விட்டு நல்லதா நாலு வார்த்தை சொன்னப்ப இறங்கல. அதனால "எனக்குப் பாராட்டே வேண்டாம்"னு வீராப்பு பேசவும் தேவையில்ல. மனுஷனுக்கு ஒரு வார்த்தை வேணும்தான். அது எங்க இருந்து, எவ்வளவு, எப்போ வரணும்னு நாம போடுற கணக்குதான் சிக்கல்.

சரி, இப்ப நம்ம ஊருக்கு வருவோம். புதுக்கோட்டைல இருந்து இருபது கிலோமீட்டர் சுமாருக்கு குடுமியான்மலை. போனவங்களுக்குத் தெரியும், அங்க குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில ஒரு இசைக் கல்வெட்டு இருக்கு. ஏழாம் நூற்றாண்டுன்னு கணிக்கிறாங்க. பல்லவ கிரந்த எழுத்து. ஏழு கிராம ராகங்களுக்கான ஸ்வர வரிசை, நாலு நாலு ஸ்வரமா அடுக்கி, வரி வரியா பாறை முழுக்க. நம்ம பாஷைல சொன்னா பிராக்டிஸ் நோட்டு. செதுக்க வச்சது ஒரு ராஜா, ருத்ராசாரியர்ங்கறவரோட சீடர்னு கல்வெட்டே சொல்லுது. ஆனா ராஜாவோட பேர் இல்ல. ரொம்ப நாளா மகேந்திரவர்மன்னு சொல்லிக்கிட்டு வந்தாங்க, அதுல இப்ப கருத்து வேறுபாடு இருக்கு. பேர் போடாத அந்த ஆள் ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவாப் போட்டிருக்கார்: இது மாணவர்களோட நன்மைக்காக. ஆராய்ச்சியாளர்கள் கண்ணுல இது பட்டது 1904ல.

ஆயிரத்து இருநூறு வருஷம் கழிச்சுக் கூட மதிப்பு கிடைக்கும்னு சொல்ல இதை எடுக்கல. அப்படி ஆறுதல் சொல்றது எனக்குப் பிடிக்காது, நமக்கு அவ்வளவு ஆயுசும் இல்ல. நான் கவனிச்சது வேற. யாருக்காகன்னு தெரிஞ்சு செஞ்ச வேலை அது. "ஊர் உலகம் பார்க்கட்டும்"னு இல்ல, "வாத்தியம் கத்துக்கிற பசங்களுக்கு"ன்னு. உங்க கதை யாருக்குன்னு கேட்டா "எல்லாருக்கும்"னு பதில் வந்தா, எல்லாரும் பதில் சொல்லணும்னு எதிர்பார்ப்பீங்க. எல்லாரும் சொல்லமாட்டாங்க.

இதை நம்ம தாத்தா தலைமுறை ரொம்ப எளிமையாத் தீர்த்து வச்சிருந்தாங்க. கையெழுத்துப் பத்திரிகை. இப்ப நிறைய பேருக்கு அது என்னன்னே தெரியாது. ஊர்ல எழுத ஆசை உள்ள அஞ்சாறு பேர் சேர்ந்துக்குவாங்க. கையெழுத்து அழகா இருக்கறவர் எல்லாத்தையும் நோட்டுல எழுதுவார், வரையத் தெரிஞ்சவர் அட்டைப்படம் போடுவார். அச்சு கிடையாது. மொத்தமே ஒரு பிரதி. அது வீடு வீடா சுத்தும். கடைசில சில பக்கங்களை வெறுமையா விட்டிருப்பாங்க, படிச்சவர் கருத்தை அதுலயே எழுதித் திருப்பித் தரணும். இந்த டிசைனை ஒரு எஞ்சினியரா ரசிக்கிறேன். வாசகர் இருபது பேர்தான், ஆனா இருபது பேரும் யாருன்னு தெரியும். கருத்து சொல்ற இடம் நோட்டுக்குள்ளேயே இருக்கு. சொல்லாம அடுத்த வீட்டுக்குக் குடுத்தா, வெறும் பக்கம் காட்டிக் குடுத்துடும்.

அதே தத்துவம் அச்சுலயும் நடந்துச்சு. 1959 ஜனவரில சி.சு. செல்லப்பா "எழுத்து"ன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். ரெண்டாயிரம் பிரதிக்கு மேல அச்சடிக்கமாட்டேன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டார். யோசிச்சுப் பாருங்க, இன்னிக்கு ஒருத்தர் சேனல் ஆரம்பிச்சு "ரெண்டாயிரம் பேருக்கு மேல வேண்டாம்"னு சொன்னா நாம என்ன நினைப்போம்? அந்த ரெண்டாயிரமும் விக்கலங்கறது வேற கதை. நட்டத்துலதான் ஓடுச்சு. ஆனாலும் 1970 வரைக்கும், 119 இதழ். பையில புத்தகத்தைப் போட்டுக்கிட்டு ஊர் ஊரா, காலேஜ் காலேஜா அவரே போய் வித்திருக்கார்.

அந்த மனுஷனைத் தாங்கிப் பிடிச்சது எதுன்னு கேட்டா, பிடிவாதம்னு ஈசியா சொல்லிடலாம். பிடிவாதம் இருந்தது உண்மைதான். ஆனா "எழுத்து"க்குள்ள என்ன நடந்துச்சுன்னு பாருங்க. அதுல எழுதினவங்கதான் அதோட தீவிர வாசகர்கள். ஒருத்தர் கவிதைக்கு இன்னொருத்தர் அலசி ஆராய்ஞ்சு கட்டுரை எழுதுவார், மூணாமவர் அதை மறுப்பார். திருகோணமலைல இருபது வயசுப் பையன் ஒருத்தர் எழுதி அனுப்பினார், செல்லப்பா போட்டார். அவர்தான் பின்னாடி பிரமிள். கடல் தாண்டி இருந்த அந்தப் பையனுக்கு லட்சம் வாசகர் தேவைப்படல. வரி வரியாப் படிக்கிற ஒரு சின்னக் கூட்டம் போதுமா இருந்துச்சு. 1962ல அந்தப் பத்திரிகைல வந்த கவிதைகள்ல இருந்து 24 பேரோட 63 கவிதைகளை எடுத்து "புதுக்குரல்கள்"னு தொகுத்தார் செல்லப்பா. கேலி பண்ணவங்க நிறைய. பின்னாடி அது பல்கலைக்கழகப் பாடநூல் ஆச்சு. பதில் வந்துச்சு, ரொம்ப லேட்டா வந்துச்சு. இடைப்பட்ட வருஷங்களை ஓட்டினது அந்தச் சின்னக் கூட்டம்.

இன்னொருத்தரைப் பத்தி சொல்லாம இந்த எபிசோடை முடிக்க மனசு வராது. வல்லிக்கண்ணன். திருநெல்வேலி ராஜவல்லிபுரத்துக்காரர், 1920ல பிறந்தவர். அரசு வேலையை விட்டுட்டு எழுத வந்தவர். நம்ம ஊருக்கு ஒரு சின்னத் தொடர்பு இருக்கு. அப்ப புதுக்கோட்டை தனி சமஸ்தானம், 1948 மார்ச்லதான் இந்தியாவோட இணைஞ்சது. அந்தக் காலத்துல இங்க இருந்து வந்துக்கிட்டிருந்த "திருமகள்" பத்திரிகைல அவர் வேலை பார்த்திருக்கார். கண்ணதாசனும் பத்திரிகை வேலையைக் கத்துக்கிட்டது அதே "திருமகள்"லதான். நம்ம ஊரைக் கடந்து போன ஆட்கள் லிஸ்ட் பெருசு, நாமதான் பஸ் ஸ்டாண்டை மட்டும் ஞாபகம் வச்சிருக்கோம்.

வல்லிக்கண்ணன் என்ன பண்ணார்னா, படிச்சார். ரொம்ப முக்கியமா, படிச்சதைப் பத்தி எழுதினவருக்கே கடிதம் போட்டார். எங்கயோ ஒரு சிற்றிதழ்ல முதல் கவிதை வந்திருக்கும், எழுதினவர் யாருன்னே தெரியாது, விலாசத்தைத் தேடி ஒரு அஞ்சலட்டை வரும். அப்படி வல்லிக்கண்ணன் கார்டு வாங்கினதைச் சொல்ற எழுத்தாளர்கள் தமிழ்நாட்டுல எல்லா மாவட்டத்துலயும் இருக்காங்க. 1978ல சாகித்திய அகாடமி விருது வாங்கின பிறகும் இந்தப் பழக்கம் போகல. 2006ல இறந்தார்.

எல்லாரையும் பாராட்டிடுறார்னு அவர் மேல ஒரு விமர்சனம் உண்டு. ஓரளவு நியாயம்தான், கறாரான மதிப்பீடு வேணும்னா அவர் சரியான ஆள் இல்ல. ஆனா அந்த கார்டு செஞ்ச வேலை மதிப்பீடு இல்லைன்னு எனக்குத் தோணுது. "வந்து சேர்ந்தது, முழுசாப் படிச்சேன்"ங்கற ஒப்புகைச் சீட்டு அது. முன்னாடி ரிஜிஸ்டர் தபால்ல திரும்பி வந்துக்கிட்டிருந்துச்சே, அந்த மாதிரி. பதினாலு கதை எழுதினவங்களுக்கு இப்ப இல்லாம இருக்கறது அதுதான்.

அப்ப என்ன செய்யலாம்? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கதையை நீங்களே வாய்விட்டு வாசிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. ஒரு மாசம் அதைத் தொடாதீங்க. அப்புறம் பஸ்ல போறப்ப கேளுங்க. ஒரு மாசத்துல நாம கொஞ்சம் அந்நியரா ஆகிடுறோம், எங்க இழுக்குது, எங்க பொய்யா இருக்குன்னு காது சொல்லிடும். இந்த ஃபீட்பேக்குக்கு யார் தயவும் வேண்டாம்.

அடுத்தவங்ககிட்ட குடுக்கறப்ப "எப்படி இருக்கு?"ன்னு கேக்காதீங்க. அந்தக் கேள்விக்கு உலகத்துல ஒரே பதில்தான், "நல்லாருக்கு". "எந்த இடத்துல போனை எடுக்கணும்னு தோணுச்சு?"ன்னு கேளுங்க. "முடிவு எப்ப தெரிஞ்சுபோச்சு?"ன்னு கேளுங்க. கதை பத்தித் தெரியாதவங்களும் இதுக்குப் பதில் சொல்லிடுவாங்க.

அப்புறம், ரெண்டு பேரைத் தேடுங்க. வாசகரை இல்ல, எழுதுறவங்களை. ஆளுக்கு மாசம் ஒரு கதை, படிச்சே ஆகணும், அரைப் பக்கமாவது எழுதியே ஆகணும். மூணு பேர் போதும், கையெழுத்துப் பத்திரிகைக்கே அஞ்சாறு பேர்தானே. தேடக் கூட்டம் வேணும்னா புதுக்கோட்டைல "வீதி" கலை இலக்கியக் களம் மாதிரி அமைப்புகள் இருக்கு, புத்தகத் திருவிழா நடக்குது. ஸ்டால்ல உங்கள மாதிரியே ஒருத்தர் ரொம்ப நேரமா சிறுகதைத் தொகுப்பு புரட்டிக்கிட்டு நிப்பார். பேச்சுக் குடுங்க.

நிறுத்தணும்னா நிறுத்துங்க, அதுல தப்பே இல்ல, பொழுதுபோக்குதானே. ஆனா எழுதுறது சலிச்சுப் போச்சா, இல்ல காத்திருக்கிறது சலிச்சுப் போச்சான்னு ஒரு தடவை பார்த்துட்டு நிறுத்துங்க. கதை எழுதி முடிச்ச ராத்திரி இன்னும் தூக்கம் வராம இருக்கா? அப்ப சலிச்சது காத்திருப்பு. அதுக்கு மருந்து வேற.

வாய்ஸ் நோட் அனுப்பினவங்களுக்கு: ஒரு கதையை மட்டும் எனக்கு அனுப்புங்க. விமர்சகன் இல்ல நான், கோடு எழுதுறவன். எந்தப் பக்கத்துல போனை எடுத்தேன்னு மட்டும் உண்மையாச் சொல்றேன். கேட்டுக்கிட்டிருக்கிற மத்தவங்க, கடைசியா படிச்சு முடிச்ச எதையாவது எழுதினவருக்கு இன்னிக்கு ராத்திரி மூணு வரி போட்டு விடுங்க. எந்த வரி பிடிச்சதுன்னு குறிப்பா இருக்கட்டும்.

அடுத்த வாரம் வேற விஷயத்தோட வர்றேன்.