உங்களுக்குத் தெரியுமா? பூர்வீகம் சொல்லும் சாஸ்தா

1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் மலையடிவாரத்தில், தாமிரபரணியின் நீர்விசையை நம்பிப் பஞ்சாலை நிறுவினர். பல ஊர்க்காரர்கள் வேலைக்காக ஆலையை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் குடியேறினார்கள். இப்படிக் கலந்த குடும்பங்களின் பூர்வீகத்தைப் பேச்சை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். இரண்டு தலைமுறையில் எல்லார் பேச்சும் ஒன்றாகிவிடும். ஆனால் குலதெய்வம் அவ்வளவு எளிதில் மாறாது; இங்கே பல குடும்பங்களுக்கு அது சாஸ்தா (அய்யனார்). பங்குனி உத்திரத்தன்று ஒரு குடும்பம் எந்த ஊர்ச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறதோ, பெரும்பாலும் அந்த வட்டாரமே தந்தைவழி முன்னோர் இருந்த இடம். பழைய கோயிலிலிருந்து பிடிமண் (ஒரு கைப்பிடி மண்) எடுத்துவந்து குடியேறிய ஊரிலேயே கோயில் கட்டிக்கொள்வதும் உண்டே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் மண் எங்கிருந்து வந்தது என்பதைக் குடும்பங்கள் லேசில் மறப்பதில்லை, ஆகவே தடம் இன்னும் ஓர் ஊர் பின்னால் போகிறது. தாய்வழி வேரைத்தான் இந்தச் சான்று விழுங்கிவிடுகிறது: மணமான பெண் கணவன் வீட்டுச் சாஸ்தாவைக் கும்பிடத் தொடங்கிவிடுகிறாள்.