பீஷான்–அங் மோ கியோ பூங்கா

பீஷான்–அங் மோ கியோ பூங்கா சிங்கப்பூரில் இவ்விரு குடியிருப்புப் பேட்டைகளுக்கும் இடையே 62 ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ளது. இது 1988-இல் திறக்கப்பட்டது. இதனூடே காலாங் ஆறு பாய்கிறது.

பூங்கா திறக்கப்பட்ட காலத்தில் அதை ஆறு என்று சொல்வது கடினம். மழைநீரை விரைவாக வெளியேற்றுவதற்காக 2.7 கி.மீ. நீளத்துக்கு நேரான கான்கிரீட் கால்வாயாக அது மாற்றப்பட்டிருந்தது. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் 2009-இல் பணிகளைத் தொடங்கி, கால்வாயை அகற்றி, 3.2 கி.மீ. நீளமுள்ள வளைந்தோடும் ஆறாக அதை மீட்டன. புதுப்பிக்கப்பட்ட பூங்கா 2012-இல் திறக்கப்பட்டது.

வெப்பமண்டலப் பெருமழையில் மண்கரை நிற்குமா என்பதே முதன்மையான ஐயமாக இருந்தது. எனவே பூங்காவிலேயே சுமார் 60 மீட்டர் நீள வடிகாலில் பல முறைகள் முதலில் சோதிக்கப்பட்டன. இறுதியில் பாறைகளும் செடிகளின் வேர்களும் கரையைப் பிடித்து நிறுத்தும் முறைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

வெள்ளத்துக்கு இடம் விட்டதே இத்திட்டத்தின் சிறப்பு. மழையில்லாத நாள்களில் ஆறு குறுகி ஓடும். கரையோரப் புல்வெளியில் மக்கள் நடக்கலாம், சிறுவர் விளையாடலாம். பெருமழையில் அப்புல்வெளியே ஆற்றின் பகுதியாகிவிடும். நீர்ப்பரப்பு ஏறக்குறைய 100 மீட்டர் வரை அகலும். பழைய கால்வாயைவிட இது கூடுதலான நீரைக் கடத்துகிறது. நீர்மட்டம் உயர்வதை உணர்கருவிகள் கண்டறிந்ததும் எச்சரிக்கை ஒலி எழும். மக்கள் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

உடைத்தெடுத்த கான்கிரீட் பாளங்களும் வீணாகவில்லை. அவற்றைக் கொண்டு பூங்காவில் ஒரு குன்று எழுப்பப்பட்டது. ஆற்றில் இப்போது நீர்நாய்களையும் காணலாம்.