எம்.ஏ. பொருளாதாரம்: வாசலில் நிற்கும் கணக்கு

பி.சி. மகலனோபிஸ் 1931இல் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பொருளாதார முதுகலை படிக்க நுழைவுத் தேர்வு உண்டு. இரண்டு தாள்கள். முற்பகலில் எழுதும் முதல் தாள் முழுக்கக் கணக்கு. பொருளாதாரத் தாள் பிற்பகலில்தான் வரும். அதையும் வகையீடு தெரியாதவர் பெரும்பாலும் தொட முடியாது. ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் ஜாம் தேர்வில் 2021இல் பொருளாதாரத்தையும் சேர்த்தார்கள். அதன் பாடத்திட்டத்திலும் கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் தனித்தனிப் பகுதிகள். வி.கே.ஆர்.வி. ராவ் 1949இல் நிறுவி, பின்னாளில் அமர்த்தியா சென்னும் மன்மோகன் சிங்கும் பாடம் நடத்திய டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸாகட்டும், ராஜா செல்லையா 1993இல் சென்னை கோட்டூர்புரத்தில் உருவாக்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸாகட்டும், எம்.ஏ. வகுப்புக்குள் நுழைந்த முதல் மாதத்திலேயே மாணவர் பார்ப்பது சமன்பாடுகளைத்தான்.

இதை நம் பி.ஏ. மாணவர்களுக்கு யாரும் நேரத்தோடு சொல்வதில்லை. என் ஆதங்கமெல்லாம் அதுதான்.

நம் அரசு கலைக் கல்லூரிகளில் பி.ஏ. பொருளாதாரத்தில் சேரும் பிள்ளைகளில் பலர் பிளஸ் டூவில் கணிதம் இல்லாத பிரிவில் படித்தவர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். பி.காம். கேட்டு இடம் கிடைக்காமல் இந்தப் பக்கம் வந்தவர்களும் உண்டு. தினத்தாளில் பட்ஜெட் செய்தி படித்து ஆர்வம் பிறந்து வந்தவர்களும் உண்டு. மூன்று ஆண்டுகளும் அவர்கள் ஐந்தாண்டுத் திட்டங்களையும், தேவை விதியையும், வங்கிகளின் பணிகளையும் தமிழில் படித்து, பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதித் தேறுகிறார்கள். எண்பது சதவீதம் வாங்கியவருக்குக்கூட, நல்ல நிறுவனம் ஒன்றின் நுழைவுத் தேர்வுத் தாளைக் கையில் எடுத்தால் பாதிக் கேள்வி என்ன கேட்கிறது என்றே விளங்காது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வில் பொருளாதாரக் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு அது இரண்டாவது பூட்டு.

இத்தனைக்கும் சாவி நம் பாடநூலிலேயே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தில் கடைசி அலகு, பொருளியலுக்கான கணித முறைகள். பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி அலகு புள்ளியியலையும் பொருளாதார அளவையியலையும் அறிமுகம் செய்கிறது. பாடத்திட்டம் வகுத்தவர்கள் வருங்காலத்தை நினைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் கடைசிப் பாடத்துக்கு என்ன கதி நேரும் என்பது பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும்.

சரி, பொருளாதாரத்துக்குக் கணக்கு எதற்கு? நெல்லுக்கு யூரியா போடும் விவசாயியை எடுத்துக்கொள்வோம். முதல் மூட்டைக்கு விளைச்சல் நன்றாகக் கூடும். இரண்டாவதற்கு அதைவிடக் குறைவாகக் கூடும். மூன்றாவது மூட்டையால் கூடும் நெல்லின் விலை அந்த மூட்டையின் விலைக்குக் கட்டுப்படியாகுமா என்று அவர் வரப்பில் நின்று மனத்துக்குள் போட்டுப் பார்க்கிறார். அந்த மனக்கணக்குதான் வகையீடு. யூரியாவோடு தண்ணீர், ஆள்கூலி, கையிருப்புப் பணம், வட்டிக்கு வாங்கிய கடன் என்று ஐந்தாறு விஷயங்கள் ஒன்றையொன்று இழுக்கும்போது வாய்வார்த்தையால் அதைக் கடைசிவரை பின்தொடர முடியாது; எங்கேயோ ஓரிடத்தில் நூல் அறுந்துவிடும். கையில் இருக்கும் பணம் இவ்வளவுதான் என்ற கட்டுப்பாட்டுக்குள் எது சிறந்தது என்று கண்டுபிடிக்க, எம்.ஏ. முதல் செமஸ்டரில் லக்ராஞ்சு முறையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் துணைக்கு வரும் ஓர் எண்ணுக்கு அழகான பொருள் உண்டு: இன்னும் ஒரு ரூபாய் கையில் இருந்திருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்பதை அது சொல்லும். கந்துவட்டி ஏன் அவ்வளவு உயரத்தில் நின்றும் ஆள் கிடைக்கிறது என்பதற்கு அங்கே ஒரு விளக்கம் தொடங்குகிறது. இந்தத் தொடர்பை வகுப்பில் எடுத்துக்காட்டும் ஆசிரியர் கிடைத்தால் மாணவருக்குக் கணக்கின் மேலிருந்த பயம் போய்விடும்.

மைக்ரோ, மேக்ரோ, எகனாமெட்ரிக்ஸ் என்ற பொருளாதார அளவையியல் ஆகிய மூன்றும் எந்த எம்.ஏ.வுக்கும் அடித்தளம். மைக்ரோவில் விளையாட்டுக் கோட்பாடு வரும். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையே எப்படிக் குலைந்துபோகிறது என்று பழைய கார்களை வைத்து ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை வரும். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவே முக்கியக் காரணம். மேக்ரோவில் ராபர்ட் சோலோவின் 1956ஆம் ஆண்டு வளர்ச்சி மாதிரியிலிருந்து தொடங்குவார்கள். இவற்றைப் பற்றித் தனித்தனியே எழுதலாம். நான் நிற்க விரும்புவது மூன்றாவதில். முதுகலைப் படிப்பு ஒரு மனிதரின் பார்வையை மாற்றுவது அங்கேதான்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் விரிவாக்கம் தொடங்கி, சுமார் 31 ஆயிரம் பள்ளிகளுக்குப் போனது. இந்தத் திட்டத்தால் பிள்ளைகளின் வருகை கூடியதா? பொதுமேடையில் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். எகனாமெட்ரிக்ஸ் படித்தவர் அங்கே நிதானிப்பார். திட்டம் வருவதற்கு முன்னும் பின்னும் வருகைப் பதிவேட்டை ஒப்பிட்டால் போதுமா? போதாது. கொரோனாவுக்குப் பிறகு சிறு வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. 2022இல் வருகை தானாகவே ஏறியிருக்கும். உணவு உள்ள பள்ளியையும் இல்லாத பள்ளியையும் ஒப்பிடலாமா? அதுவும் சிக்கல். முதல் கட்டப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுக்கவில்லை. அவற்றுக்கும் மற்றவற்றுக்கும் முன்பே வேறுபாடுகள் இருந்திருக்கும். ஆகவே அந்த 1,545 பள்ளிகளில் வருகை எவ்வளவு மாறியது, அதே காலத்தில் மற்ற பள்ளிகளில் எவ்வளவு மாறியது, இந்த இரண்டு மாற்றங்களுக்கும் இடையிலான வித்தியாசம் என்ன என்று பார்க்க வேண்டும். அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சும்: உணவே வந்திராவிட்டாலும் இரண்டு வகைப் பள்ளிகளும் ஒரே போக்கில்தான் போயிருக்குமா? அதைச் சோதிக்க முந்தைய ஆண்டுகளின் பதிவேடுகள் வேண்டும். அந்தப் பதிவேட்டை எழுதியவர் யார், உணவு எண்ணிக்கைக்காக வருகையைப் பதியும் பழக்கம் மாறியதா என்றும் கேட்க வேண்டும்.

டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இதே வழியில் போனதுதான். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களில் விசாரித்தார்கள். கூலி உயர்ந்தால் வேலை குறையும் என்ற பாடப்புத்தக வாக்கியத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது. க்ரூகர் அதற்கு இரண்டாண்டு முன்பே காலமாகிவிட்டார். நம் மாநிலத்தில் மகளிர் இலவசப் பேருந்து, உரிமைத்தொகை, காலை உணவு என்று இத்தனை திட்டங்கள் நடக்கும்போது, அவற்றை இப்படி விசாரிக்கத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் மாவட்டத்துக்குப் பத்துப் பேராவது வேண்டாமா? திட்டத்தை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் அவர்கள் தேவை.

கணக்கு வேண்டும் என்று இவ்வளவு வாதாடிவிட்டு, அது மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் வந்து சேர்ந்தார். ஆங்கிலேயர். அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பியது. யாரிடம் எவ்வளவு நிலம், பண்ணையாளுக்கு என்ன கூலி, கடன் எவ்வளவு என்று 1916இல் அவர்கள் விசாரித்து எழுதி வந்தார்கள். தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடார்க்காட்டின் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்தின் வடமலைப்புரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான் ஆகியவை அந்த ஊர்களில் சில. 1918இல் அது நூலாக வந்தது. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆய்வாளர்களை அனுப்பினார்கள். 1980களில் ஜோன் மென்ச்சரும், அடையாறில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள். ஓர் ஊரின் நிலமும் கூலியும் சாதி உறவும் ஏறக்குறைய நூறாண்டில் எப்படி மாறின என்று தொடர்ந்து பார்த்த இப்படியொரு பதிவு உலகத்திலேயே அபூர்வம். அதற்கு விதை போட்டவர்கள் கல்லூரி மாணவர்கள்.

இன்றைய எம்.ஏ. மாணவர் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் தொழிலாளர் கணக்கெடுப்பை இணையத்தில் இலவசமாக இறக்கி, ஸ்டேட்டா அல்லது ஆர் மென்பொருளில் ஓட்டி, இரண்டு மாதத்தில் ஆய்வேட்டை முடித்துவிடலாம். பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஆடு மேய்த்து, புல்லறுத்து, விறகு பொறுக்கி, மாலையில் வீட்டு வாசலில் உட்காரும் பெண்ணிடம் "என்ன வேலை பாக்குறீங்கம்மா?" என்று கேட்டால், "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்பார். கணக்கெடுப்பவர் அதற்குமேல் துருவாவிட்டால் அவர் 92 அல்லது 93 என்ற குறியீட்டுக்குள் போய்விடுவார். அதாவது வீட்டுவேலை செய்பவர், உழைப்புச் சந்தைக்கு வெளியே இருப்பவர். அந்த வாசலில் ஒருமுறையாவது உட்கார்ந்து கேட்ட மாணவருக்கு, திரையில் 93 என்ற எண் தெரியும்போது அந்த முகமும் தெரியும். பெண்களின் வேலைப் பங்கேற்பு குறைவு என்று எழுதுமுன் அவர் கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம்தான் நல்ல பொருளாதார அறிஞரின் முதல் தகுதி என்பேன்.

எல்லா எம்.ஏ.வும் ஒரே வார்ப்பு அல்ல என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜே.என்.யூ.வின் பொருளாதார ஆய்வு மற்றும் திட்ட மையம், பொருளாதாரச் சிந்தனையின் வரலாற்றுக்கும் மார்க்சிய அரசியல் பொருளாதாரத்துக்கும் இடம் கொடுத்து வளர்ந்தது. 2019இல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி 1983இல் எம்.ஏ. முடித்தது அங்கேதான். திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் பி.ஏ. படித்துவிட்டு நிர்மலா சீதாராமன் போனதும் அங்கேதான். திருவனந்தபுரத்தில் கே.என். ராஜ் உருவாக்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் மணம் வேறு. தரவரிசையில் எத்தனையாவது என்று பார்த்து மட்டும் சேராதீர்கள். அங்கே என்ன கேள்விகள் கேட்கிறார்கள் என்று விசாரித்துச் சேருங்கள்.

வேலை? பெற்றோர் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதப் பொருளாதார முதுகலைப் பட்டம் கட்டாயம். இடங்கள் மிகக் குறைவு, விடையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறைக்குத் தனி ஆளெடுப்பு உண்டு. நெட் அல்லது செட் தேறினால் கல்லூரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். வங்கிகள், ஆலோசனை நிறுவனங்கள், கள ஆய்வு அமைப்புகள் தரவைக் கையாளத் தெரிந்தவரைத் தேடுகின்றன. வெறும் பட்டம் மட்டும் கையில் உள்ளவருக்கு இவற்றில் ஒன்றும் எளிதில் அமையாது.

ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். எம்.ஏ. சேர்க்கை முடிந்ததும் வகுப்பு தொடங்குமுன், கணிதப் பின்னணி இல்லாத மாணவர்களுக்கு இரண்டு மாத இணைப்பு வகுப்பு நடத்துங்கள்; தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து நடத்துங்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு மாதமாவது அவர்களை ஒரு கிராமத்துக்கோ தொழிற்பேட்டைக்கோ அனுப்பி, வந்து எழுதச் சொல்லுங்கள். இதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். துறைத்தலைவர் ஒருவர் மனம் வைத்தால் போதும்.

பி.ஏ. முதலாண்டில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு: பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் பாடநூல்கள் தமிழிலேயே இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வகையீடு, அணிகள், நிகழ்தகவு எல்லாம் அவற்றில் உண்டு. நீங்கள் தேவைப் பாடத்தில் படிக்கும் நெகிழ்ச்சியும்கூட அங்கே கணக்காக வரும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த இரண்டு புத்தகங்களை முடித்த பிறகு ஆல்ஃபா சியாங்கின் கணிதப் பொருளாதார நூலை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள், புரியும். மூன்று ஆண்டுகள் இருக்கின்றன, இன்றே தொடங்கினால் நேரம் தாராளம்.